அறைக்குள் கஞ்சா: விளக்கு, தொட்டி, உயிர்மண்

வீட்டு மூலையில், ஒரு சதுர மீட்டர் பரப்புள்ள துணிக்கூடாரத்துக்குள், மின்விளக்கின் கீழே மண்தொட்டியில் கஞ்சாச் செடி வளர்ப்பது இன்று சில நாடுகளில் தக்காளி வளர்ப்பதைப் போன்ற வீட்டுத்தோட்ட வேலை. வேறு பல நாடுகளில் சிறைக்கு அனுப்பும் குற்றம். எத்தனை செடி, எவ்வளவு பெரிய தொட்டி, எந்த மண் என்ற கேள்விகளுக்கெல்லாம் முன்னால் சட்டம் வந்து நிற்கிறது. கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் ஒரு வீட்டுக்கு நான்கு செடி. கணக்கு வீட்டுக்கே ஒழிய ஆளுக்கு அன்று. அங்கேயே கியூபெக் மாகாணம் வீட்டு வளர்ப்பைத் தடைசெய்தது. அந்தத் தடை செல்லும் என்று கனடிய உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. உருகுவே 2013 டிசம்பரில் நிறைவேற்றிய சட்டம் ஒரு வீட்டுக்கு ஆறு செடியும் ஆண்டுக்கு 480 கிராம் விளைச்சலும் அனுமதிக்கிறது. ஜெர்மனியில் 2024 ஏப்ரல் 1 முதல் வயதுவந்த ஒருவர் மூன்று செடி வளர்க்கலாம். அமெரிக்க மாநிலங்களில் கொலராடோவும் கலிபோர்னியாவும் ஆறு செடிவரை விடுகின்றன. 2012இலேயே கடை விற்பனைக்கு வாக்களித்த வாஷிங்டன் மாநிலமோ பொழுதுபோக்குக்கு வீட்டில் வளர்க்க விடவில்லை. நெதர்லாந்தின் வழக்கம் இன்னும் விசித்திரம்: ஐந்து செடிவரை காவல்துறை கண்டுகொள்வதில்லை, ஆனால் தொழில்முறை விளக்கைத் தொங்கவிட்டால் அந்தச் சலுகை போய்விடும்.

இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் தொட்டியையும் வயலையும் பிரித்துப் பார்ப்பதில்லை. அனுமதியின்றிக் கஞ்சாச் செடி பயிரிட்டால் 10 ஆண்டுவரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய்வரை தண்டமும் விதிக்கலாம். பூக்கதிரோடு சேராத இலையையும் விதையையும் கஞ்சா என்ற சொல்லின் வரையறைக்கு வெளியே விட்டிருப்பதால்தான் வடநாட்டில் இலையை அரைத்துச் செய்யும் பாங் தனி வழியில் நடமாடுகிறது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் தண்டனை இதைவிடக் கடுமை. ஆக, டொராண்டோவில் ஒரு தமிழர் வீட்டுக்குச் சட்டம் நான்கு செடி தருகிறது; மதுரையில் இருக்கும் உறவினருக்கு ஒன்றுகூட இல்லை.

செடியை எண்ணும் சட்டம் வளர்ப்பு முறையையே மாற்றிவிடுகிறது. எடையையோ பரப்பையோ அளக்காமல் தலையை மட்டும் எண்ணினால், ஒவ்வொரு செடியையும் முடிந்தவரை பெரிதாக்குவதே புத்திசாலித்தனம் ஆகும். இந்தச் சட்டங்களுக்கு முந்தைய தலைமுறை இதற்கு நேர்மாறாக நடந்தது. கலிபோர்னியாவில் 1983இல் தொடங்கிய ஹெலிகாப்டர் வேட்டை வளர்ப்பவர்களை மலையிலிருந்து நிலவறைக்குத் துரத்தியது. அங்கே மண்ணுக்குப் பதிலாகப் பாறைக் கம்பளிக் கட்டிகளில், இரசாயன உரக் கரைசலில், நெருக்கமாகப் பல சிறு செடிகளை வேகமாக எடுத்துப் பிடிபடுவதற்குள் முடித்தார்கள். அவசரத்துக்கு ஏற்ற முறை அது. மூன்று நான்கு செடிகளை ஒளிக்காமல், நிதானமாக, ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்கில் வளர்க்கலாம் என்று ஆன பிறகுதான் கனமான, நகர்த்த முடியாத பெரிய மண்தொட்டிக்கு நியாயம் பிறந்தது.

செடியின் இயல்பு அறைக்கு ஒரு வகையில் வசதியானது. லின்னேயஸ் 1753இல் கன்னாபிஸ் சட்டைவா என்று பெயரிட்ட இது ஓராண்டுத் தாவரம். ஆண் வேறு, பெண் வேறு. பகல் குறுகும்போது பூக்கும். விளக்கின் பொத்தானே பருவத்தைத் தீர்மானிக்கிறது என்பதால் 18 மணி நேர ஒளியில் தழைக்க வைத்து, 12 மணி நேர ஒளியும் இடையறாத 12 மணி நேர இருட்டுமாக மாற்றிப் பூக்க வைக்கிறார்கள். இந்த அறிவே கஞ்சா இனத்துக்குக் கடன்பட்டது. பாரிஸில் ஜூலியன் தூர்னுவா என்ற ஆய்வாளர் 1912 வாக்கில் சணல்வகைக் கஞ்சாவும் ஹாப்ஸ் கொடியும் குறும்பகலில் முந்திப் பூப்பதைக் கண்டார். முதல் உலகப் போர் அவரைக் கொன்றது. அமெரிக்காவின் கார்னரும் அல்லார்டும் புகையிலையிலும் சோயாவிலும் 1920இல் அதே உண்மையை முழுமையாக நிறுவியதால் புகழ் அவர்களுக்குப் போனது. நாள் நீளத்தைப் பொருட்படுத்தாமல் வயது வந்ததும் பூக்கும் ரகங்கள் ருடராலிஸ் என்ற குட்டை இனத்தின் கலப்பில் பிறந்தவை. அலமாரி அளவு இடத்தில் அவற்றுக்கு மவுசு அதிகம்.

மகரந்தம் பட்டால் பெண்செடி விதைக்குச் சத்தைச் செலவிடும்; பூவின் பிசின் குறையும். ஆண்செடியைக் களைவது கலிபோர்னியாவின் கண்டுபிடிப்பு என்று நினைப்பவர்கள் உண்டு. 1893–94இல் இந்தியக் கஞ்சா ஆணையம் விசாரித்தபோதே, இன்றைய வங்கதேசத்தில் உள்ள நௌகாவ் பகுதியில் வயல் வயலாகச் சென்று ஆண்செடிகளை அடையாளம் கண்டு பிடுங்குவதையே தொழிலாகக் கொண்ட ‘கஞ்சா வைத்தியர்கள்’ இருந்தார்கள். அந்த வயல்களுக்கு இட்டது சாணமும் பிண்ணாக்கும். இன்று ‘ஆர்கானிக்’ என்று பையில் அச்சிட்டு விற்பதன் பழைய வடிவம் அதுதான்.

அறைக்குள் விளைச்சலின் உச்சவரம்பை நிர்ணயிப்பது மண் அல்ல, ஒளி. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட சோதனையில், இலைப்பரப்பின் மீது விழும் ஒளியை ஒரு சதுர மீட்டருக்கு நொடிக்கு 120 மைக்ரோமோலிலிருந்து 1,800 வரை ஏற்றினார்கள். கோடை நண்பகல் வெயில் ஏறக்குறைய 2,000. பூவின் எடை அந்த எல்லைவரை நேர்கோட்டில் ஏறிக்கொண்டே போனது, அதிலிருந்த, போதை தரும் டி.எச்.சி.யின் விகிதம் மட்டும் அசையவில்லை. ஒளி பூவைப் பெருக்குகிறது, வீரியத்தை மாற்றுவதில்லை. வீரியம் பெரும்பாலும் விதையோடு வருவது. பழைய சோடியம் விளக்குகளுக்குப் பதிலாக எல்.இ.டி. வந்தது சிறு இடத்துக்குப் பெரிய விடுதலை. ஒரு வாட்டுக்குக் கிடைக்கும் ஒளி ஒன்றரை மடங்குக்கு மேல் கூடியது. முக்கியமாக, செடியின் தலைமேல் அடுப்பு எரிவதுபோல் இருந்த வெப்பம் தணிந்தது. இன்று ஒரு சதுர மீட்டருக்கு 300 வாட் நல்ல எல்.இ.டி. விளக்கு நடுத்தரமான அளவு.

காற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மூடிய சிறு இடத்தில் செடி குடித்த நீரெல்லாம் ஆவியாகிக் காற்றிலேயே நிற்கும். அதை வெளியேற்றும் விசிறியும், வாடையைப் பிடிக்கும் கரித்துகள் வடிகட்டியும், இலைகளை அசைக்கும் சிறு விசிறியும் போதும். பூக்கும் காலத்தில் ஈரப்பதம் 50 விழுக்காட்டை ஒட்டி இருக்க வேண்டும். ஈரமான தொட்டி மண், செடிகள், மூடிய கூடாரம் மூன்றும் சேர்ந்தால் வீட்டுச் சுவரில் பூஞ்சணம் படர்வதும் உண்டு. வாடகைக் குடியிருப்புகளில் வாடையைப் போலவே இதுவும் தகராறுக்குக் காரணமாகிறது.

இனித் தொட்டி. வயல்மண்ணை அப்படியே தொட்டியில் போட்டால் செடி நோய்ப்படும் என்பது தோட்டக்காரர் எல்லோருக்கும் தெரியும். ஏன் என்பது பலருக்குத் தெரியாது. வயலில் ஆழமான மண் முழுவதும் ஒரே திரி போல நீரைக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கிறது. தொட்டியின் அடியில் அந்தத் திரி அறுந்துவிடுகிறது. எவ்வளவு துளையிட்டாலும் அடிமட்டத்தில் சில சென்டிமீட்டருக்கு மண் நீரால் நிரம்பியே நிற்கும். கொடியில் காயப்போட்ட வேட்டியின் கீழ்க்கரை கடைசிவரை ஈரமாக இருப்பதற்கும் இதுவே காரணம். இந்த ஈர அடுக்கின் உயரம் மண்துகளின் பருமனைப் பொறுத்தது. தொட்டி உயரமா குட்டையா என்பது அதைத் தொடுவதில்லை. எனவே குட்டைத் தொட்டியில் மண்ணின் பெரும்பகுதி சேறாகவே கிடக்கும். அடியில் ஜல்லி போடுவதால் பயனில்லை, ஈர அடுக்கு ஜல்லிக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும். உயரம் குறைந்த கூடாரத்தில் குட்டைத் தொட்டிதான் வைக்க முடியும் என்பதால், சிறு இடத்து வளர்ப்பில் பருமனான துகள்கள் கலந்த மண் கட்டாயமாகிறது. துணித்தொட்டி பக்கவாட்டிலும் காற்றை விடுவதால் வேர்நுனி விளிம்பில் காய்ந்து உள்ளே கிளைக்கிறது. பிளாஸ்டிக் தொட்டியில் போல் சுவரைச் சுற்றிச் சுருள்வதில்லை.

தொட்டி மண்ணுக்குச் சீரான கலவை தேடிய முதல் பெரிய முயற்சி 1930களில் இங்கிலாந்தின் ஜான் இன்னெஸ் தோட்டக்கலை நிறுவனத்தில் நடந்தது: ஏழு பங்கு தோட்ட மண், மூன்று பங்கு பீட், இரண்டு பங்கு மணல். அதில் மண்ணை நீராவியில் வேகவைத்து அதிலுள்ள உயிர்களைக் கொன்ற பிறகே கலந்தார்கள். உயிருள்ள மண் என்று இன்று கொண்டாடப்படும் பொருளின் மூதாதை உயிர் நீக்கப்பட்ட மண். பின்னர் தோட்ட மண்ணையே விட்டுவிட்டு பீட்டும் பெர்லைட்டும் மட்டும் கொண்ட இலகுக் கலவைகள் வந்தன. கஞ்சா வளர்ப்பவர்களின் இன்றைய இயற்கைக் கலவை இவற்றின் மேல் எழுந்தது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பீட் அல்லது தென்னைநார்த்தூள், ஒரு பங்கு மக்கு உரம், ஒரு பங்கு காற்றோட்டம் தரும் பெர்லைட் அல்லது எரிமலைக் கல். இதோடு பிண்ணாக்கு, எலும்புத்தூள், கடற்பாசி, சுண்ணாம்பு. ‘மண்’ என்று அழைக்கப்பட்டாலும் இதில் நிலத்து மண் ஒரு பிடிகூட இருப்பதில்லை.

பீட் என்பது குளிர்நாட்டுச் சதுப்பில் பாசி மக்காமல் படிந்தது. ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவே சேர்வது. அதை வெட்டியெடுப்பது நிலக்கரி எடுப்பதற்குச் சமம் என்ற எதிர்ப்பு வலுத்ததும் தென்னைநார்த்தூளுக்கு யோகம் அடித்தது. பொள்ளாச்சிச் சாலையோரங்களில் ஒருகாலத்தில் யாரும் சீந்தாமல் மலைமலையாகக் குவிந்த கழிவு இன்று கட்டிகளாக அழுத்தப்பட்டுக் கப்பலேறுகிறது, இலங்கையிலிருந்தும் அப்படியே. கஞ்சா வளர்ப்பைச் சிறைக்குரிய குற்றமாக வைத்திருக்கும் ஊர்களின் தேங்காய் மட்டை, அது சட்டபூர்வமான ஊர்களில் அதே செடிக்குப் படுக்கை விரிக்கிறது. நார்த்தூளில் இரண்டு சிக்கல்கள். உப்புநீரில் ஊறிய மட்டை என்றால் சோடியமும் பொட்டாசியமும் மிகுந்திருக்கும்; கழுவிச் சுண்ணச்சத்து ஏற்றாமல் பயன்படுத்தினால் செடிக்குச் சுண்ணமும் மக்னீசியமும் கிட்டாது. இரண்டாவது, மக்காத தூளில் கரிமத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் நூற்றுக்கு மேல்; அதை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் செடிக்குரிய தழைச்சத்தைத் தாமே பிடுங்கிக்கொள்ளும்.

மக்கு உரத்தின் அளவிலும் ஆசை கெடுக்கும். மண்புழு உரத்தைத் தொட்டிக் கலவையில் பல விகிதங்களில் சேர்த்துப் பார்த்த ஆய்வுகள், கொள்ளளவில் 10 முதல் 40 விழுக்காடுவரை பலன் ஏறுவதையும் அதற்கு மேல் உப்பும் ஈரமும் கூடிச் செடி பின்வாங்குவதையும் காட்டின. இயற்கை உரங்களும் ஒன்றுபோல் அல்ல. இரத்தத்தூள் சில வாரங்களில் கரைந்துவிடும். வேப்பம் பிண்ணாக்கு, தழைச்சத்தை நைட்ரேட்டாக மாற்றும் நுண்ணுயிர்களின் வேகத்தைக் குறைத்து மெல்ல விடும். யூரியாவுக்கு வேப்பெண்ணெய் பூசுவதன் தத்துவமும் இதுதான். ஆமணக்குப் பிண்ணாக்கு மலிவு, ஆனால் அதன் நச்சு வீட்டு நாயைக் கொல்லக்கூடியது. அறைக்குள் அதற்கு இடமில்லை. வௌவால் எச்சத்தைப் பெருமையாக விற்கிறார்கள். அதன் தூசியில் நுரையீரலைத் தாக்கும் பூஞ்சை இருக்கலாம்.

உரம் எவ்வளவு என்பதில்தான் நம்பிக்கைக்கும் சோதனைக்கும் இடைவெளி பெரிது. பூக்கும் பருவத்தில் மணிச்சத்தை, அதாவது பாஸ்பரஸை, வாரி இறைத்தால் பூ பெருக்கும் என்பது பல பத்தாண்டு நம்பிக்கை. அதற்கென்றே தனி உரக்குப்பிகள் விற்கின்றன. கனடாவிலும் இஸ்ரேலிலும் அண்மையில் நடந்த கட்டுப்பாட்டுச் சோதனைகள் இதை ஆதரிக்கவில்லை. குவெல்ஃபில் 2021இல் வெளியான ஆய்வில் பூக்காலத்துக்கு ஏற்ற மணிச்சத்து லிட்டருக்கு 60 மில்லிகிராம் அளவிலேயே நின்றது. தழைச்சத்து கூடக்கூட டி.எச்.சி. விகிதம் இறங்குவதை இஸ்ரேலிய ஆய்வுகள் காட்டின. அதே குவெல்ஃப் குழுவினர் 2017இல் நார்த்தூள் கலவையில் இயற்கை உரத்தையே வைத்துச் செய்த சோதனையில், தழைப் பருவத்தைவிடப் பூப்பருவத்துக்குத் தேவையான உரம் தெளிவாகக் குறைந்திருந்தது. இந்தக் கண்டுபிடிப்பு இயற்கை மண்ணுக்குச் சாதகம். தொடக்கத்தில் கலந்த பிண்ணாக்கும் மக்கும் பூக்காலத்துக்குள் தாமாகவே வற்றிவருகின்றன. வளர்ப்பவர் எதுவும் செய்யாமலிருப்பதே சரியான செயலாகிவிடுகிறது.

மண்ணின் உயிர் என்று சொல்லப்படுவதில் உறுதியானது இவ்வளவு: பிண்ணாக்கில் புரதமாகக் கட்டுண்ட தழைச்சத்தைப் பாக்டீரியாவும் பூஞ்சையும் உடைத்தால்தான் வேர் உண்ண முடியும், அந்த வேலை வெப்பத்தையும் ஈரத்தையும் பொறுத்தது. தரையில் வைத்த தொட்டி குளிர்நாட்டுப் பனிக்காலத்தில் சில்லென்று கிடந்தால், மண்ணில் உரம் நிறைந்திருந்தும் செடி மஞ்சளாகும். மக்குப்பொருள் நிறைந்த கலவைக்கு அமில-கார நிலையைத் தாங்கும் திறனும், சத்துகளைப் பிடித்துவைத்து விடும் திறனும் உண்டு. இரசாயன உரக் கரைசலில் ஒரு நாள் தவறினால் தெரியும் பிழை இங்கே ஒரு வாரம் பொறுக்கும். வீட்டில் நான்கு செடி வளர்ப்பவருக்கு இயற்கை மண் தரும் பெரிய ஆதாயம் இந்தப் பொறுமைதான்; அதிக விளைச்சல் அல்ல. சுவையும் மணமும் மேம்படும் என்ற கூற்றுக்கு வளர்ப்பவர்களின் நாக்கைத் தவிரச் சான்று சொற்பம்.

கடையில் வாங்கும் வேர்ப்பூஞ்சைப் பொடி மணிச்சத்து குறைந்த மண்ணில் உதவும். எலும்புத்தூள் நிறைந்த தொட்டியில் வேர் அந்தப் பூஞ்சையைச் சேர்த்துக்கொள்வதே குறைவு. இரண்டையும் ஒரே நாளில் வாங்கி ஒரே தொட்டியில் போடுவது வழக்கமாக நடக்கிறது. மக்கு உரத்தை நீரில் காற்றேற்றி ஊறவைத்து ஊற்றும் ‘கம்போஸ்ட் டீ’, நம் உழவர் கரைக்கும் ஜீவாமிர்தத்தின் தூரத்து உறவு. நோய் தடுப்பதில் அதன் சோதனை முடிவுகள் ஒன்றுக்கொன்று முரணானவை. வெல்லப்பாகு சேர்த்தால் தீய பாக்டீரியாவும் பெருகக்கூடும் என்பதால் பூக்கும் செடிமேல் தெளிப்பது தவறு.

மக்குள்ள ஈரமண் இருந்தால் சிறு கருங்கொசு வரும். அதன் புழு இளவேரைத் தின்னும். மேல்மண்ணைக் காயவிடுவதும், புழுவைக் கொல்லும் பாக்டீரியாவை நீரில் கலந்து ஊற்றுவதும், மண்ணில் வாழும் இரைவிழுங்கிச் சிலந்திப்பேனை விடுவதும் அறிந்த மருந்துகள். இலையில் செஞ்சிலந்திப் பேனும் சாம்பல் நோயும், பூவில் அழுகலும் அறை வளர்ப்பின் நிரந்தர விருந்தாளிகள். 2019இல் கலிபோர்னியாக் கஞ்சாவில் அடையாளம் காணப்பட்ட ஹாப்ஸ் வைராய்டு என்ற தொற்று, வெட்டும் கத்தி வழியாகப் பரவிச் செடியைக் கூழையாக்குகிறது. பூவைப் புகைப்பதால் பூச்சிமருந்தின் கணக்கும் வேறு. திராட்சைக்கு அனுமதிக்கப்படும் மைக்ளோபியூட்டனில் என்ற பூஞ்சைக்கொல்லி சூட்டில் ஹைட்ரஜன் சயனைடை வெளிவிடும். 2016–17இல் கனடாவில் உரிமம் பெற்ற சில நிறுவனங்களின் சரக்கிலேயே அது இருந்தது தெரியவந்து, சரக்கைத் திரும்பப் பெற நேர்ந்தது.

‘ஆர்கானிக்’ என்ற சொல் தூய்மைக்கு உத்தரவாதம் அன்று. இந்தச் செடி காட்மியத்தையும் ஈயத்தையும் மண்ணிலிருந்து உறிஞ்சிச் சேர்ப்பதில் வல்லது. 1990களின் இறுதியில் செர்னோபில் அருகே மண்ணைத் தூய்மையாக்க இதன் சணல் ரகத்தை நட்டுப் பார்த்தார்கள். பாறைப் பாஸ்பேட்டிலும் நகரக் குப்பை உரத்திலும் இந்த உலோகங்கள் இருக்கக்கூடும். அமெரிக்காவில் கூட்டரசுச் சட்டம் கஞ்சாவைத் தடைசெய்திருப்பதால் அரசின் இயற்கை வேளாண் முத்திரை அதற்குக் கிடையாது. கலிபோர்னியா தனக்கென்று ஒரு சான்றிதழை ஏற்படுத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

அறுத்த பூவை 20 டிகிரிக்கு உட்பட்ட இருட்டறையில், 55 முதல் 60 விழுக்காடு ஈரப்பதத்தில், ஒன்று இரண்டு வாரம் மெல்லக் காயவிடுகிறார்கள். அவசரப்பட்டால் மணம் போகும். தாமதித்தால் பூஞ்சணம் பிடிக்கும். நோயெதிர்ப்பு குன்றியவருக்குப் பூஞ்சணம் பிடித்த பூ உயிருக்கே ஆபத்து.

மின்செலவைக் கணக்கிட்டால் இயற்கை என்ற சொல்லின் மேல் நிழல் விழுகிறது. 300 வாட் விளக்கு நான்கு வாரம் 18 மணி நேரமும் ஒன்பது வாரம் 12 மணி நேரமும் எரிந்தால் ஏறக்குறைய 380 யூனிட். குளிரூட்டும் எந்திரமும் ஈரம் வாங்கும் எந்திரமும் வைத்த வணிக வளர்ப்பில் நிலை மோசம்: ஒரு கிலோ உலர்பூவுக்கு 2,283 முதல் 5,184 கிலோ கரியமில வாயுவுக்கு ஈடான வெளியேற்றம் என்று கொலராடோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வு 2021இல் மதிப்பிட்டது. மண்ணில் எத்தனை மண்புழு வாழ்ந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. வீட்டுக்கூடாரத்தில் அறைக்காற்றே குளிர்ச்சி தந்துவிடுவதால் சுமை குறையும். வெப்பமான நாடுகளில் அந்தச் சலுகையும் இல்லை.

இயற்கை மண் சுமையைக் குறைக்கும் ஓர் இடம் உண்டு. பாறைக் கம்பளிக் கட்டி ஓர் அறுவடையோடு குப்பைக்குப் போகும். தொட்டி மண் போவதில்லை. தண்டை அடியோடு அறுத்து, வேரை அப்படியே மக்கவிட்டு, மேலே ஒரு விரற்கடை மண்புழு உரமும் வைக்கோல் மூடாக்கும் இட்டு, சில வாரம் ஈரம் காத்து அதே தொட்டியில் அடுத்த கன்றை நடுகிறார்கள். தொட்டி பெரிதாக இருந்தால்தான் இது நடக்கும். சிறு தொட்டியில் வேர்க்கட்டி முழு இடத்தையும் அடைத்துவிடும். ஒவ்வொரு சுற்றிலும் பீட் நொறுங்கித் துகள் சிறுத்து ஈர அடுக்கு உயர்வதால், சில அறுவடைகளுக்கு ஒருமுறை புதிய பெர்லைட் சேர்க்க வேண்டும். சுண்ணாம்பும் கடற்பாசியும் ஒவ்வொரு முறையும் இட்டுக்கொண்டே போனால் உப்பு தங்கும். மேலும் எதையும் இடுவதற்கு முன் ஒரு மண் பரிசோதனை செய்வது நல்லது. கடைசியில் கலைக்கப்படும் மண், நச்சு உலோகம் இல்லையென்று தெரிந்தால், ரோஜாவுக்கும் கத்தரிக்கும் போகிறது.